கலப்பை வீட்டுக்கு மட்டும் வழி

மேல் ப்ரேஸ்னாவில் அந்த மனிதரைத் தெரியாதவர் கிடையாது. டிசம்பர் முதல் மார்ச் வரை பேரூராட்சித் தலைவரைவிட அவருக்குத்தான் மவுசு அதிகம். காலையில் ஜன்னல் திரையை விலக்குகிறவர்கள் சூரியனைத் தேடுவதில்லை, அவரைத்தான் தேடுவார்கள். ஏப்ரல் பிறந்து சாலையோரத்துக் கடைசிப் பனியும் கரைந்ததும் கதை மாறிவிடும். அதே மனிதர் அதே சாலையோரத்தில் குனிந்து புல் வெட்டிக்கொண்டிருப்பார். ஒருவரும் ஒரு ஹாரன்கூட அடிக்காமல் கடந்து போவார்கள்.

அவர் ஓட்டுவது பேரூராட்சியின் பனி தள்ளும் லாரி. ஆரஞ்சு நிறம், முன்னால் நெஞ்சளவு உயரத்துக்கு வளைந்த இரும்புத் தகடு. செர்பிய மலைமேட்டுக்காரர்களான நாங்கள் அந்த வண்டியைக் கலப்பை என்போம். பத்தொன்பது வருஷத்தில் வண்டியின் பெயர் ஓட்டுகிறவருக்கும் ஒட்டிக்கொண்டது. கண்டிப்பானவர்கள் "கலப்பை" என்பார்கள், காரியம் ஆகவேண்டியவர்கள் "கலப்பையண்ணே" என்பார்கள். அவருடைய சொந்தப் பெயர் விதோயே. அதைச் சொல்லிக் கூப்பிடுகிறவள் உலகத்திலேயே ஒருத்திதான், அவர் மனைவி ஸ்தாமென்கா. ஒரே மகள் ஆஸ்திரியாவில் இருக்கிறாள். அவள் "அப்பா" என்று கூப்பிடுவதால் அது கணக்கில் வராது.

எங்கள் மேட்டில் பனிப்புயல் ஒவ்வொரு ஜனவரியும் வருகிறது. ஒவ்வொரு ஜனவரியும் பேரூராட்சித் தலைவர் வூகோமான் தொலைக்காட்சியில் தோன்றி, "இந்தத் தடவை பனி எங்கள எதிர்பாராம புடிச்சிருச்சு" என்பார். அவர் தலைமையில் குளிர்கால அவசரக் குழு ஒன்று உண்டு. குழுவில் பதினோரு பேர், லாரி ஒன்று, அதை ஓட்ட விதோயே ஒருவர். குழு கூடும், காபி குடிக்கும், புதிய மண்வாரிகளைக் கையில் பிடித்தபடி படம் எடுத்துக்கொள்ளும். படத்தின் ஓரத்தில் கொஞ்சம் ஆரஞ்சு நிறம் தெரிந்தால் அது விதோயேவின் லாரி. அவரை உள்ளே வைத்தே ஓரத்தோடு வெட்டியிருப்பார்கள்.

ஊர்க்காரர்களும் லேசுப்பட்டவர்கள் அல்ல. புயல் வருகிறது என்று செய்தி வந்த அரை மணியில் கடையில் ஈஸ்ட் தீர்ந்துவிடும். வாழ்க்கையில் ஒரு ரொட்டி சுட்டறியாதவர்களும் நாலு பாக்கெட் வாங்கிப் பத்திரப்படுத்துவார்கள். பனி நின்றதும் ஒவ்வொருவரும் தன் வாசல் பனியை அள்ளிப் பக்கத்து வீட்டு வாசலில் போடுவார். பக்கத்து வீட்டுக்காரர் அதை அள்ளி அடுத்த வாசலுக்குத் தள்ளுவார். இப்படியே ஊரிலுள்ள பனியெல்லாம் கைமாறிக் கைமாறிச் சாலைக்கு வந்து சேரும். பிறகு எல்லாரும் ஒற்றுமையாக நின்று, "இந்தக் கலப்பை எங்க போய்த் தொலஞ்சான்?" என்று கேட்பார்கள்.

விதோயேவின் வீடு ஊரின் கோடியில் இருக்கிறது. பள்ளத்து டவுனிலிருந்து வரும் பெரிய சாலை, பூட்டிக் கிடக்கும் பழைய கூட்டுறவுக் கடைக்கு முன்னால் இரண்டாகப் பிரியும். இடது பக்கம் ஊர். வலது பக்கம் மேட்டில் ஒன்றரைக் கிலோமீட்டர் ஏறினால் அவருடைய வீடு, அதற்கப்பால் காற்று மட்டும்தான். வேலையில் சேர்ந்த முதல் குளிர்காலத்தில் அவர் ஒரே ஒருநாள் தன் வீட்டு வழியை முதலில் எடுத்தார். மறுநாளே பேரூராட்சிக்குக் கையெழுத்தில்லாத கடிதம் போயிற்று. பொதுச் சொத்தைச் சொந்தத்துக்குப் பயன்படுத்துகிறாராம். அன்று முதல் தன் வழியைக் கடைசியில்தான் எடுப்பார். கடைசி என்றால் சாயங்காலம் ஐந்து, ஆறு மணி ஆகும்.

மற்ற நாளில் அதனால் குடி முழுகிவிடாது. ஜனவரி இருபதில்தான் வம்பு. எங்களில் ஒவ்வொரு வீட்டுக்கும் காவலாக ஒரு புனிதர் உண்டு, அவருடைய நாளில் அந்த வீட்டில் ஸ்லாவா என்கிற விருந்து. விதோயே வீட்டையும் சேர்த்து ப்ரேஸ்னாவில் பாதி வீடுகளுக்குப் புனித யோவான், அதாவது ஜனவரி இருபது. வருஷத்திலேயே அதிகம் பனி கொட்டும் வாரமாகப் பார்த்து எங்கள் முன்னோர்கள் எப்படித் தேர்ந்தெடுத்தார்களோ, அவர்களுக்கே வெளிச்சம்.

ஸ்லாவாவுக்கு யாரையும் அழைக்கக் கூடாது. வர நினைக்கிறவர் தானாக வருவார். வந்தவரைப் போகச் சொல்லக் கூடாது. வீட்டுக்காரர் அன்று இன்னொருவர் பந்தியில் உட்காரக் கூடாது. அதனால் ஊரில் யாருக்கு எவ்வளவு மதிப்பு என்பது அன்று பட்டப்பகலில் தெரிந்துவிடும், முற்றத்தில் நிற்கும் கார்களை எண்ணினால் போதும். மர அறுவை மில் முதலாளி கவ்ரிலோவின் முற்றத்தில் முப்பதுக்குக் குறையாது. விதோயேவின் முற்றத்தில் பத்தொன்பது வருஷமாக ஒன்றும் இல்லை.

அன்றைக்கு அவருடைய வேலையே மற்றவர்களின் விருந்தாளிகளுக்கு வழி எடுப்பதுதான். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் லாரி மெதுவாகும். யாராவது ஓடிவந்து, "கண்ணாடிய இறக்கு!" என்று கத்தி ஒரு கிண்ணம் ப்ளம் சாராயத்தை நீட்டுவார்கள். அவர் குடிப்பதுபோல் உதட்டில் வைத்துவிட்டுக் கொடுப்பார். இறங்கி உள்ளே வா என்று எவரும் சொன்னதில்லை. சொன்னாலும் அவர் போக முடியாது, அது வேறு விஷயம். இருட்டும்போது வீடு போய்ச் சேர்ந்தால் ஸ்தாமென்கா இருபது பேருக்குச் சமைத்த மேஜையின் முன்னால் தனியாக உட்கார்ந்திருப்பாள். புளித்த முட்டைக்கோஸ் இலையில் கறியும் அரிசியும் சுருட்டி வேகவைத்த சார்மா அவர்கள் வீட்டில் பிப்ரவரி வரை ஓடும்.

இந்த வருஷம் பதினேழாம் தேதியே புயல் ஆரம்பித்துவிட்டது. மூன்று நாள் ஓயவில்லை. பத்தொன்பதாம் தேதி மாலை முட்டைக்கோஸ் இலைகளைச் சுருட்டிக்கொண்டிருந்த ஸ்தாமென்கா, கையை நிறுத்தாமலே சொன்னாள்.

"விதோயே, இதான் கடைசி."

"எது?"

"இது. நாளைக்கும் யாரும் வரலன்னா அடுத்த வருஷம் நான் சமைக்க மாட்டேன். மெழுகுவத்தி மட்டும் ஏத்தி வைக்கிறேன். நீயும் நானும் அது முன்னால உக்காந்துக்கிட்டு ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கலாம்."

"அப்படிச் சொல்லாதடி. சமைக்காத ஸ்லாவா என்ன ஸ்லாவா? ஆளில்லாத வீடுன்னு பேசுவாங்க."

"இப்ப மட்டும் ஆளு இருக்கா?"

விதோயே அடுப்பில் ஒரு விறகைச் செருகினார். அவள் அழுதிருந்தால்கூட ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பார். அவள் நிதானமாக இலையைச் சுருட்டிக்கொண்டிருந்தது அவருக்குப் பயமாக இருந்தது. ஸ்லாவா அணைந்த வீடு என்றால் எங்களிடம் செத்த வீடு என்று அர்த்தம்.

மறுநாள் விடியும் முன் வழக்கம்போல் பனிச்சறுக்குக் கட்டைகளைக் காலில் கட்டிக்கொண்டு இறங்கி, பழைய கடையோரம் நின்ற லாரியை எடுத்தார். புயல் நின்றிருந்தது. பள்ளத்து டவுனிலிருந்து பழைய கடை வரை பெரிய சாலையை ஒழுங்காக எடுத்தார். கடை முன்னால் வந்ததும் லாரியை நிறுத்தினார். இடது பக்கம் பனி நெஞ்சளவு உயரத்துக்கு மதிலாக நின்றது. வலது பக்கமும் அப்படித்தான். பத்தொன்பது வருஷமாகத் தானாக இடது பக்கம் திரும்பிய கைகள் அன்று ஸ்டியரிங்மேல் சும்மா இருந்தன. மொட்டைக் கடிதம் ஞாபகம் வந்தது. எழுதினவன் இன்னமும் உயிரோடு இருந்தால் இன்னொன்று எழுதிக்கொள்ளட்டும் என்று நினைத்துக்கொண்டு வலது பக்கம் திருப்பினார்.

எட்டு மணிக்கு லாரி முற்றத்தில் வந்து நின்ற சத்தம் கேட்டு ஸ்தாமென்கா கரண்டியோடு வெளியே ஓடிவந்தாள்.

"என்னய்யா, வண்டி படுத்துருச்சா?"

"இல்ல."

"வேலைய விட்டுத் தூக்கிட்டானுங்களா?"

"இல்லடி."

"பின்ன ஏன் இந்நேரத்துல வீட்டு வாசல்ல நிக்கிற?"

"இன்னைக்கு நம்ம வீட்டு ஸ்லாவா. வீட்டுக்காரன் வீட்டுலதான் இருக்கணும். வெள்ளச் சட்டைய எடு."

ஸ்தாமென்கா அவருடைய தோளைத் தாண்டிப் பார்த்தாள். பழைய கடை வரைக்கும் புது வழி வாய்க்கால்போல் இறங்கிப் போயிற்று. ஊர்ப் பக்கம் வெள்ளை மதில் அப்படியே இருந்தது.

"அந்தப் பக்கம் எடுக்கலையா?"

"எடுக்கல."

அவள் கரண்டியைக் கதவோரத்தில் வைத்தாள். பிறகு, "அந்தச் சட்டைல கழுத்துப் பொத்தான் இல்ல. இரு, தச்சுத் தர்றேன்" என்று உள்ளே போனாள்.

பத்து மணிக்கு முதல் கார் வந்தது. டவுன் கால்நடை டாக்டரும் அவர் மனைவியும். கவ்ரிலோ வீட்டுக்குக் கிளம்பியவர்கள் அவர்கள். முச்சந்தியில் ஒரே ஒரு வழிதான் திறந்திருந்தது, பனியில் இடம் வலம் தெரியாமல் அதில் ஏறிவிட்டார்கள். இரண்டு பக்கமும் பனிமதில், திரும்ப இடமில்லை. பின்னால் இன்னொரு கார் வேறு ஒட்டிக்கொண்டு வந்தது. வழி எங்கே முடிந்ததோ அங்கே வெள்ளைச் சட்டையோடு, தலையில் தொப்பி இல்லாமல், ஒரு மனிதர் வாசலில் நின்றார்.

"வாங்க, வாங்க. நல்வரவு."

டாக்டர் மனைவியைப் பார்த்தார். மனைவி உள்ளே எரிகிற மெழுகுவர்த்தியைப் பார்த்தாள். ஸ்லாவா வீட்டு வாசல்வரை வந்துவிட்டு வழி தவறி வந்தோம் என்று சொல்ல எங்களில் எவனுக்கும் வாய் வராது.

"உங்க வீட்டுக்குத்தான் வந்தோம்!" என்றார் டாக்டர்.

"நேத்தே பேசி வச்சுக்கிட்டோம்" என்றாள் மனைவி.

அதற்குப் பிறகு டவுனில் குடியிருக்கிறவர்கள் வரிசையாக வந்தார்கள். வனத்துறைக்காரர்கள், பள்ளித் தலைமையாசிரியை, குளிர்கால அவசரக் குழுவில் ஏழு பேர். தலைவர் வூகோமான் தன் மனைவியோடு வந்து இறங்கினார். கையில் இருந்த உயர்ந்த ரகச் சாராயப் புட்டியில் 'அன்பு நண்பர் கவ்ரிலோவுக்கு' என்று தங்க எழுத்தில் ஒரு அட்டை கட்டியிருந்தது. முற்றத்தைக் கடக்கும்போதே அட்டையைப் பிய்த்துக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார், அந்தத் திறமையால்தான் நாலு தேர்தல் ஜெயித்தார். கவ்ரிலோ பேசிவைத்திருந்த ஐந்து வாத்தியக்காரர்களும் வந்து சேர்ந்தார்கள். முதலில் பணக்கார வீட்டு ரொட்டியை ஆசீர்வதித்துவிட்டு இருட்டின பிறகு ஏழைகளைக் கவனிக்கிற பாதிரியார் யெரெமியாவும் அதே வழியில் ஏறி வந்துவிட்டார். பதினொன்றரைக்குள் நாற்பத்து மூன்று பேர்.

ஸ்தாமென்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை. வாசலில் ஒவ்வொருவருக்கும் இனிப்புக் கோதுமை ஒரு கரண்டி, ஒரு கிண்ணம் சாராயம், பிறகு மேஜை. இருபது பேருக்கான மேஜையில் நாற்பத்து மூன்று பேர் இடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். கதவு ஒன்றைக் கழற்றி இரண்டு பீப்பாய்மேல் போட்டு விதோயே இன்னொரு மேஜை செய்தார். பாதிரியார் ரொட்டியைக் கையில் எடுத்து, ஸ்தாமென்கா கொடுத்த சீட்டைப் பார்த்து, குடும்பத்தார் பெயர்களை ராகம் போட்டு மூன்று முறை படித்தார். கும்பிட்டு நின்றவர்களின் கண்கள் வறுத்த பன்றியின்மேல் இருந்தன.

சும்மா சொல்லக் கூடாது, அந்த இரண்டு மணி நேரம் விதோயே மகாராஜாவாக இருந்தார். வழக்கப்படி அவர் உட்காரவில்லை, நின்றுகொண்டே பரிமாறினார். "இன்னும் ஒண்ணு வச்சுக்கங்க", "வீட்டம்மா கோவிச்சுக்குவா" என்று அவர் வாயிலிருந்து வந்த உபசார வார்த்தைகள் பத்தொன்பது வருஷமாக உள்ளேயே கிடந்தவை. அடுப்படியில் ஸ்தாமென்கா அவருடைய முழங்கையைக் கிள்ளி, "எண்ணிப் பாத்தியா? கார் இருபத்தாறு!" என்றாள்.

இரண்டு மணிக்கு சார்மா தீர்ந்தது. அதற்கு முன்பே பன்றி எலும்பாகிவிட்டது. ஸ்தாமென்கா பிப்ரவரிக்கு என்று வைத்திருந்த புகைபோட்ட இறைச்சியை அறுத்தாள், பாலாடைச் சட்டியைச் சுரண்டினாள். விருந்தாளிகளின் பேச்சு மெல்ல மெல்லக் குறைந்தது. சிலர் ஜன்னல் பக்கம் பார்த்தார்கள். சாமான் அறைக்குள் போன தலைவர் வூகோமான் செல்போனில் ரகசியமாகப் பேசிக்கொண்டிருப்பது அடுப்படி வரை கேட்டது.

"கேக்குதுப்பா கவ்ரிலோ, நல்லா கேக்குது... மூணு பன்னி வறுத்திருக்கன்னு எனக்குத் தெரியாதா? எப்படி எந்திரிக்கிறது, நீயே சொல்லு. இங்க மெழுகுவத்தி எரியுது... வாத்தியமா? அதுவும் இங்கதான் இருக்கு... என்னைய ஏன் திட்டுற? நானா வழி எடுத்தேன்?"

இரண்டு நிமிஷத்தில் விதோயேவின் போன் அடித்தது.

"ஏய் கலப்பை! எங்க ஊரு வழி என்னாச்சு?" கவ்ரிலோவின் குரலில் அழுகைக்குப் பக்கத்தில் ஏதோ இருந்தது. "பாதி ஊருல ஸ்லாவா. ஒரு வீட்டுல ஒரு ஈ காக்கா இல்ல. என் பொண்டாட்டி மேஜைய ரெண்டு தடவ தொடச்சுட்டா!"

"இன்னைக்கு எங்க வீட்டுலயும் ஸ்லாவா, முதலாளி. வீட்டுக்காரன் விருந்தாளிய விட்டுட்டுப் போகலாமா? முறைன்னு ஒண்ணு இருக்கில்ல."

அதைச் சொல்லிப் போனை வைக்கும்போது விதோயேவுக்கு உள்ளூர மனம் குளிர்ந்தது. பழிவாங்கும் புத்தி என்று சொல்கிறவர்கள் சொல்லிக்கொள்ளட்டும்.

அப்போதுதான் தலைவர் வூகோமான் கிண்ணத்தோடு எழுந்தார். வீட்டுக்காரரை வாழ்த்திப் பேசுவது வந்தவர்களில் பெரிய மனிதரின் கடமை. அந்தப் பேச்சு முடிந்துவிட்டால் நாசூக்காகக் கிளம்ப ஒரு வழியும் பிறக்கும். எல்லாரும் எழுந்து நின்றார்கள், நாற்காலிகள் உராய்ந்தன.

"அன்பான விருந்தாளிகளே! இந்த வீட்டோட சாப்பாடு, இந்த வீட்டோட மனசு, ரெண்டயும் நாம எல்லாரும் இன்னைக்குப் பாத்தோம். பத்தொன்பது வருஷமா என் கீழ வேல பாக்குறவர், என் தம்பி மாதிரி. அதனால இந்த வீட்டுத் தலைவர், நம்ம எல்லாருக்கும் பிரியமான..."

நின்றுவிட்டார். மனைவியின் பக்கம் லேசாகச் சாய்ந்தார். மனைவி டாக்டரைப் பார்த்தாள். டாக்டர் தட்டைப் பார்த்தார். குளிர்கால அவசரக் குழுவின் ஏழு பேரும் கூரையைப் பார்த்தார்கள்.

"...பிரியமான நம்ம கலப்பை! கலப்பை வாழ்க!"

"கலப்பை வாழ்க!" என்று வீடு அதிர்ந்தது. கேலியாக அல்ல, உண்மையான அன்போடுதான் கத்தினார்கள். வாத்தியக்காரர்கள் ஊதத் தயாரானார்கள்.

அடுப்படிக் கதவில் ஸ்தாமென்கா தட்டோடு நின்றிருந்தாள். தட்டைக் கீழே வைத்தாள்.

"யாரு வாழ்க?"

ஊதத் தயாரானவர்கள் வாத்தியத்தை இறக்கினார்கள்.

"கலப்பை முற்றத்துல நிக்குது. அதுக்கு டீசல் ஊத்துனாப் போதும். இவருக்கு ஒரு பேரு இருக்கு. சொல்லிட்டுக் குடிங்க."

நாற்பத்து மூன்று பேர் கையில் கிண்ணத்தைப் பிடித்தபடி நின்றார்கள். பாதிரியார் தன் அங்கியைத் தடவிச் சீட்டைத் தேடினார், அது ரொட்டித் தூளோடு எங்கேயோ போயிருந்தது. அக்கார்டியன்காரனின் விரல் எதன்மேலோ பட்டு ஒரு சுரம் மட்டும் கேட்டு நின்றது. விதோயேவுக்கு முகம் சுட்டது. அவமானம் தனக்கா அவர்களுக்கா என்று அவருக்கே புரியவில்லை.

"விடு, ஸ்தாமென்கா" என்றார். ஆணியில் மாட்டியிருந்த கம்பளிக் கோட்டை எடுத்தார். "ஊருப் பக்கம் வழி எடுக்கப் போறேன். பின்னால வர்றவங்க வரலாம்."

விருந்தாளியைப் போகச் சொன்னதாக இதை யாரும் குறை சொல்ல முடியாது. போகச் சொல்லவில்லை, தான் போவதாக மட்டும் சொன்னார். நாலு நிமிஷத்தில் முற்றம் காலி. அவசரத்தில் வனத்துறைக்காரர் ஒருவர் தலைமையாசிரியையின் தொப்பியைப் போட்டுக்கொண்டு போனார். முன்னால் ஆரஞ்சு லாரி பனியைப் பிளந்துகொண்டு போக, பின்னால் இருபத்தாறு கார்களும் கல்யாண ஊர்வலம்போல் ஊருக்குள் போயின.

கவ்ரிலோ தன் வீட்டு வாசற்படியில் இரண்டு கைகளையும் விரித்து நின்றார். லாரி பக்கத்தில் வந்ததும் ஒரு கிண்ணத்தை உயர்த்தி, "கண்ணாடிய இறக்கு!" என்றார். விதோயே முதல்முறையாகக் கண்ணாடியை இறக்கவில்லை. மற்ற வீடுகளுக்கும் வழி எடுத்துவிட்டு முச்சந்திக்குத் திரும்பினார். தன் வழிக்குள் நுழைந்ததும் வண்டியைத் திருப்பி நிறுத்தி, ஓரத்துப் பனியை மூன்று முறை தள்ளி வாயை அடைத்தார். பத்தொன்பது வருஷத்தில் அவர் ஒரு வழியை மூடியது அதுதான் முதல்முறை. வேலை சுத்தமாக இருந்தது.

வீட்டில் ஸ்தாமென்கா எலும்புகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள்.

"நாப்பத்து மூணு பேரு வந்தாங்க, விதோயே" என்றாள். "ஒருத்தர்கூட நம்ம வீட்டுக்கு வரல."

அவர் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். இருவரும் மெழுகுவர்த்தி தீரும்வரை அப்படியே இருந்தார்கள். வெளியே காற்று மறுபடியும் எழுந்தது.

இருபத்தொன்றாம் தேதி காலையில் ஊர் வழி இருந்த இடம் தெரியவில்லை. விடியும் முன்பே விதோயே தன் வழியைத் திறந்துகொண்டு போய்ப் பெரிய சாலையைக் கடைவரை எடுத்து வைத்தார், ஆம்புலன்ஸ் வரவேண்டியிருந்தால் வரட்டும் என்று. திரும்பி வரும்போது தன் வழியின் வாயை அடைத்தார், மற்றதை அவர் பின்னாலேயே காற்று மூடியது. வீட்டுக்கு வந்து காலணியைக் கழற்றினார். ஏழு மணிக்குப் போன் அடித்தது.

"கலப்பையண்ணே, எங்க தெருவுல..."

"அப்படி யாரும் இங்க இல்ல" என்று விதோயே வைத்துவிட்டார்.

அடுத்து அவசரக் குழு. "யாரு வேணும்?" என்றார். "டிரைவர்." "பேரு?" மறுபக்கம் தாள் புரளும் சத்தம் கேட்டது. "அது வந்து... ஞாயித்துக்கெழம, ஆபீஸ் பூட்டியிருக்கு. பீரோ சாவி இல்ல." வைத்துவிட்டார். எட்டு மணிக்குள் ஊர் முழுக்கச் சேதி பரவிவிட்டது, கலப்பையின் பெயர் தெரிந்தால்தான் வழி திறக்கும் என்று. அதற்கப்புறம் பெயர்கள் மழையாகக் கொட்டின.

"ரத்கோ தான?"

"இல்ல."

"மிலான்! மிலான்னு எங்க மச்சான் அடிச்சுச் சொல்றான்."

"உங்க மச்சானையே வந்து தள்ளச் சொல்லுங்க."

ஒருவர் காலண்டரை வைத்துக்கொண்டு புனிதர்களின் பெயர்களை ஜனவரியிலிருந்து வரிசையாகப் படித்தார். மார்ச் வந்ததும் விதோயே வைத்துவிட்டார். தலைவர் வூகோமான் தாமே கூப்பிட்டார். அவர் கவ்ரிலோ வீட்டில்தான் இருந்தார், எல்லாரும் அங்கேதான் இருந்தார்கள். இரவில் வழி மூடிவிட்டதால் நாற்பத்து மூன்று பேரும் வாத்தியத்தோடு அங்கேயே தங்கிவிட்டார்கள். "யப்பா, உனக்கு நான் என்ன கொற வச்சேன்?" என்றார் தலைவர் உருக்கமாக. "பேரச் சொல்லுங்க தலைவரே" என்றார் விதோயே. தலைவர் கொஞ்சம் யோசித்து, "இது மெரட்டல்" என்றார்.

கவ்ரிலோவும் பேசினார். அவர் சொன்ன பெயர் ஸ்வெதோசார், ராஜா வம்சத்துக்கு வைக்கிற மாதிரி. ஸ்தாமென்கா அதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து ரொம்ப நாளாயிற்று. விதோயேவும் சிரித்தார். ஒவ்வொரு தடவை போன் அடிக்கும்போதும் அவர் சற்று வேகமாகவே எடுத்தார் என்பதை மட்டும் அவள் கவனிக்காததுபோல் இருந்தாள். பத்து மணிக்கு மேல் போன் அடிக்கவில்லை.

பன்னிரண்டு மணிக்கு மேல் ஸ்தாமென்கா ஜன்னலைத் துடைத்துவிட்டு, "யோவ், யாரோ வர்றாங்க" என்றாள்.

கீழே, வழி என்று ஒன்று இருந்த இடத்தில், இடுப்பளவு பனியில் ஒரு உருவம் வந்துகொண்டிருந்தது. நாலு அடி நடக்கும், விழும், எழும். பக்கத்தில் வந்த பிறகுதான் அது கவ்ரிலோ என்று தெரிந்தது. மீசை உறைந்திருந்தது. ஒரு கையுறையைக் காணோம்.

நடந்தது இதுதான். கவ்ரிலோவின் வீட்டில் மூன்று பன்றிகளும் முடிந்துவிட்டன. நாற்பத்து மூன்று பேரும் காலையில் எழுந்து, நான்காவது பன்றி கத்துவதை ஆர்வமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். போகச் சொல்ல முடியாது. கவ்ரிலோ மாட்டுக் கொட்டில் பின்கதவு வழியாக நழுவி, இரண்டரை மணி நேரம் நடந்திருக்கிறார். நடக்கும்போது யோசிப்பதற்கு அவருக்கு வேறு ஒன்றும் இல்லை. இரண்டு பேரும் நாலாம் வகுப்பு வரை ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். ஐம்பது வருஷமாக அந்த நினைப்பே அவருக்கு வந்ததில்லை. கடையைத் தாண்டி மேடு ஏறும்போது, மூச்சு வாங்க நின்ற இடத்தில், வாத்தியார் தினமும் காலையில் பதிவேட்டைத் திறந்து படிக்கிற குரல் காதில் கேட்டதாம்.

முற்றத்து வேலியைப் பிடித்துக்கொண்டு, வாத்தியார் படிப்பாரே, குடும்பப் பெயர் முன்னால் வரும்படி, அதேபோல் கவ்ரிலோ கத்தினார்.

"புக்விச் விதோயே!"

உள்ளே விதோயே நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார். அறுபதைத் தொட்ட மனிதர், என்ன செய்கிறோம் என்று தெரியாமலே கை இரண்டையும் பக்கவாட்டில் ஒட்டி நிமிர்ந்து நின்று, கத்தினார்.

"உள்ளேன் ஐயா!"

ஸ்தாமென்கா வாயைப் பொத்திக்கொண்டாள். அவருக்குக் கண் கலங்கிவிட்டது, அதை மறைக்கவும் தோன்றவில்லை.

கதவைத் திறந்தார். கவ்ரிலோ நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். லாரியை ஒருமுறை பார்த்தார், பிறகு கஷ்டப்பட்டு அதிலிருந்து கண்ணைத் திருப்பினார்.

"எதுக்கு வந்த?" என்றார் விதோயே.

"ஸ்லாவாவுக்கு. ரெண்டாம் நாளும் விருந்து உண்டில்ல? உன் வீட்டுக்குத்தான் வந்தேன்."

அது பச்சைப் பொய் என்று மூன்று பேருக்கும் தெரியும். ஆனால் வழியே இல்லாத இடத்தில் நடந்து வந்து சொன்ன பொய். விதோயே ஒதுங்கி நின்று, "வா, கவ்ரிலோ. நல்வரவு" என்றார்.

ஸ்தாமென்கா இனிப்புக் கோதுமை பாத்திரத்தின் அடியில் மிஞ்சியிருந்ததை வழித்து ஒரு கரண்டி கொடுத்தாள். மேஜையில் இருந்தது பீன்ஸ் குழம்பு மட்டும்தான், கறித்துண்டு ஒன்றுகூடக் கிடையாது. மூன்று பன்றி வறுத்த மனிதர் குனிந்து அதை அள்ளி அள்ளிச் சாப்பிட்டார். அவருடைய கோட்டுப் பையில் செல்போன் விடாமல் துடித்துக்கொண்டிருந்தது. இரண்டாவது கிண்ணம் குழம்பு பாதியானதும் தலையை நிமிர்த்தி, ஜன்னல் வழியே லாரி நின்ற பக்கம் பார்த்து, "விதோயே, வந்து..." என்று மெல்ல ஆரம்பித்தார்.

ஸ்தாமென்கா அவருடைய கிண்ணத்தை வாங்கி விளிம்புவரை நிரப்பி முன்னால் வைத்தாள்.

"நிதானமா சாப்பிடுங்கண்ணே. என்ன அவசரம்? வழிதான் அடச்சுக் கெடக்கே."